முந்நூற்று நாற்பத்தேழு இரண்டு முறை வந்த கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி கொஞ்சம் குறிப்புகளும், அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளக்கூடிய நிரல் துண்டுகளும் எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்டார். நான் ஓய்வு பெற்றுவிட்டதால் எனக்கு நேரம் நிறைய இருக்கும் என்பது அவர் கணக்கு. நேரம் இருக்கிறது. நிரல் துண்டுகள்தான் இல்லை. நான் எழுதியவற்றில் பெரும்பாலானவை ஓடிய கணினிகளே இன்று பழைய இரும்புக்குக்கூடப் போகாது.

ஆனால் ஒரே ஒரு வரி இருக்கிறது. அதை எழுதாமல் விட்டதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஷாமியானா பந்தலுக்கு அடியில், ஒலிபெருக்கி முன்னால் நின்று நான் ஊருக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரியைத் தருகிறேன். அதோடு அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான் தருவேன். வரி மட்டும் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். காந்திபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறைகள், மூன்று கணினிகள், ஆறு பேர். அதுதான் எங்கள் கம்பெனி. எனக்கு இருபத்து மூன்று வயது. சிங்காநல்லூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வருவேன். ‘கம்ப்யூட்டர்’ என்று தட்டியில் எழுதி வைத்தாலே படியேறி வந்து எட்டிப் பார்க்கிற காலம். ஜாதகம் கணிக்கத் தெரியுமா என்று கேட்டு வந்தவர்கள், தெரியாது என்றதும் அப்புறம் எதற்கு இந்தப் பெட்டி என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்படிப் படியேறி வந்தவர்தான் அந்தக் கிரைண்டர் கடை முதலாளி. ஒப்பணக்கார வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கிரைண்டரும் மிக்ஸியும் விற்பவர். கடையின் பத்தாம் ஆண்டை ஒட்டி, பொருள் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்தார். கூப்பனின் ஒரு பாதி வாங்கியவரிடம், மறுபாதி கடைப் புத்தகத்தில், அதன் பக்கத்தில் வாங்கியவர் பெயரும் ஊரும். குலுக்கலில் ஒருவருக்குப் புத்தம் புதிய மொபெட் பரிசு. குலுக்கலைக் கம்ப்யூட்டரில் நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. ஆளை வைத்து எடுத்தால் ஆயிரம் பேச்சு வரும், கம்ப்யூட்டருக்குச் சொந்தபந்தம் கிடையாது பாருங்க என்றார். எங்கள் கம்பெனி நடத்தியவர் உடனே ஒப்புக்கொண்டு, வேலையை என் தலையில் கட்டினார்.

நான் அதை இரண்டு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். டர்போ சி என்ற அன்றைய நிரல்மொழியில். நிரலின் உயிர்நாடி இந்த ஒரு வரிதான்:

    n = rand() % total + 1;

மொத்தம் எத்தனை கூப்பன் என்று கொடுத்தால், ஒன்றிலிருந்து அந்த எண்ணிக்கைக்குள் ஏதோ ஒரு எண்ணைத் தரும். அவ்வளவுதான். மீதி மூன்று நாளும் அலங்காரம். எண்கள் திரை முழுக்கப் பெரிதாகச் சுற்றி வரும், பக்கவாட்டில் நட்சத்திரம் மின்னும், கடைசியில் ‘கீய்ங்’ என்று ஓர் ஒலி வந்து எண் நிற்கும். அந்த ஒலிக்கே ஒரு முழு நாள் ஆனது. ஒருவர் விடாமல் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்பேஸ் பாரை அமுக்க அமுக்க வேறு வேறு எண் வந்தது. இருபது முறை, முப்பது முறை அமுக்கிப் பார்த்தேன். எண் ஒருமுறைகூட எல்லை தாண்டவில்லை. சோதனை முடிந்தது என்று முடிவு செய்தேன்.

நிரலை மூடித் திறந்து, முதலில் வருகிற எண் எது என்று ஒரு நாளாவது பார்த்தேனா? இல்லை. என் கண் நட்சத்திரத்தில் இருந்தது.

சனிக்கிழமை மதியம் கணினியை ஆட்டோவில் ஏற்றி, மானிட்டரைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஒத்திகை. கடை ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். புத்தகப் பொறுப்பு ரஹமத் அக்காவிடம் இருந்தது. கோட்டைமேட்டுக்காரர், அந்தக் கடையில் எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று முதலாளிக்கே அவர்தான் சொல்ல வேண்டும். நான் ஸ்பேஸ் பாரை அமுக்கினேன். எண்கள் சுற்றின, நட்சத்திரம் மின்னியது, கீய்ங். 347.

எல்லோரும் கைதட்டினார்கள். ரஹமத் அக்கா சும்மா விளையாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டி, அது யாருடையது என்று வாசித்தார். பழனியம்மாள், பெரியநாயக்கன்பாளையம். இன்னொரு முறை அமுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மெஷினைக் களைப்பாக்க வேண்டாம், நாளைக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு பதினொரு மணி. கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் பந்தல். கூட்டம் நான் நினைத்ததைவிடப் பெரிது. ஒரு வாரமாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, கம்ப்யூட்டர் குலுக்கல், கம்ப்யூட்டர் குலுக்கல் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். மேடையில் ஒரு மேஜை, அதன் மேல் கணினி. திரை எங்கள் பக்கம் பார்த்து இருந்தது. கூட்டத்துக்கு அதன் முதுகுதான் தெரியும். மேடையில் மூன்று பேர்: எண்ணை அறிவிக்க முதலாளி, பெயரை வாசிக்க ரஹமத் அக்கா, அமுக்க நான். கீய்ங் ஒலி எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மைக்கைக் கணினிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

அமுக்கினேன். சுற்றியது. மின்னியது. கீய்ங்.

347.

அந்த நொடியில் எனக்கு வந்த எண்ணம், ‘அட, என்ன ஆச்சரியம்’ என்பதுதான். அடுத்த நொடியில் புரிந்துவிட்டது. ஆச்சரியம் எதுவும் இல்லை. கணினிக்குச் சீட்டுக் குலுக்கத் தெரியாது. அதனிடம் தாறுமாறான எண்களின் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் அடுத்ததை எடுத்துக் கொடுக்கும். வரிசையை எங்கிருந்து தொடங்குவது என்று நாம் சொல்லாவிட்டால், ஒவ்வொரு முறை நிரலைத் திறக்கும்போதும் அதே முதல் எண்ணிலிருந்துதான் தொடங்கும். நான் சொல்லவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் அமுக்கியிருந்தாலும் 347. அடுத்த வருடம் அமுக்கினாலும் 347.

ரஹமத் அக்கா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டவே இல்லை.

கட்டைவிரல் இன்னும் ஸ்பேஸ் பாரின் மேலேயே இருந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். இன்னொரு முறை அமுக்கினால் போதும். கூட்டத்துக்குத் திரை தெரியாது. முதலாளி கண்ணாடி போட்டிருக்கவில்லை. இன்னொரு கீய்ங், இன்னொரு எண், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். நான் அமுக்காததற்குக் காரணம் பெரிய நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். அமுக்கினால் வரப்போகிற எண்ணும் முன்பே முடிவானதுதான், பழனியம்மாளிடமிருந்து மொபெட்டைப் பிடுங்கி யாரோ ஒருவருக்குக் கொடுத்தவள் நானாகத்தான் இருப்பேன் என்று மூளைக்குள் ஓடியது. அதற்குள் விரல் மரத்துவிட்டது.

“நெம்பர் என்னங்க அம்மணி?” என்றார் முதலாளி.

மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, நேற்று வந்த அதே எண் என்று மெதுவாகச் சொன்னேன்.

“அதனால என்னுங்க? அந்தம்மாவுக்கு அதிர்ஷ்டம்.”

“அதிர்ஷ்டம் இல்லீங்க சார். என்ற தப்புங்க. இது எப்பத் தொறந்தாலும் இதேதான் வரும்.”

அவர் முகம் மாறவில்லை. மறுபடி அமுக்கினால் வேறு வருமா என்று கேட்டார். வரும், ஆனால் அதுவும் முன்கூட்டியே எழுதி வைத்த மாதிரிதான் என்றேன். இந்த விஷயம் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நேற்று கடையில் இருந்த எல்லோருக்கும் 347 தெரியும் என்றேன். அப்போது ரஹமத் அக்கா தொண்டையைச் செருமினார்.

“அந்தம்மாவுக்கே தெரியுமுங்க. காலையிலயே வந்துருச்சு. நேத்து ஒத்திகையில உனக்குத்தான் உழுந்துச்சுன்னு நாந்தான் வெளையாட்டுக்குச் சொல்லிப்போட்டேன். அது பக்கத்துல நின்ன பத்துப் பேருகிட்டச் சொல்லிச் சிரிச்சுது.”

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. கடையின் பத்து வருடப் பெயர் அந்தப் பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணை அறிவித்தால் ‘நேற்றே முடிவு செய்துவிட்டார்கள்’ என்பார்கள். அறிவிக்காவிட்டால் ‘எதையோ மறைக்கிறார்கள்’ என்பார்கள். அவர் மைக்கை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நீங்களே சொல்லிப்போடுங்க. எனக்கு அந்தப் பாஷை வராது.”

எனக்கும் வரவில்லை. வரிசை, தொடக்கம் என்று ஏதேதோ ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். பிறகு இப்படிச் சொன்னேன்: இந்த மெஷினுக்குச் சீட்டு எடுக்கத் தெரியாது. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கத்தான் தெரியும். தினமும் வேறு இடத்திலிருந்து ஒப்பிக்கச் சொல்லி நான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். அதனால் நேற்று ஒப்பித்ததையே இன்றும் ஒப்பித்துவிட்டது. தப்பு மெஷினுடையதும் இல்லை, கடையுடையதும் இல்லை. என்னுடையது.

பிறகு நடுவிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. கொங்கு நாட்டில் கோபத்தைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள். அதுதான் இன்னும் உறைக்கும்.

“ஏனுங்க, யாருக்குன்னு நேத்தே முடிவு பண்ணிப்போட்டு, எங்களை எதுக்குங்க இந்த வெயில்ல கூப்புட்டு உக்கார வெச்சீங்க?”

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு நாளும் அந்தம்மாவுக்கே வந்திருக்கிறது, கொடுத்துவிட்டுப் போங்கள் என்றது ஒரு பக்கம். அதெப்படி என்றது மறுபக்கம். நியாயம் பேசினால் முதல் பக்கத்தின் வாதம் பலமானது. ஒத்திகைக்கு முன்னால் 347 தான் வரும் என்று யாருக்கும் தெரியாதே, அப்படியானால் அதுவும் குலுக்கல்தானே? இந்தக் கேள்வியை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்க நேரமில்லை, ஏனென்றால் பழனியம்மாள் மேடைக்கு வந்துகொண்டிருந்தார்.

நாற்பது வயது இருக்கும். இரும்பு உருக்கும் ஃபவுண்டரியில் வார்ப்புக்கு மண் அச்சு செய்கிற வேலை. நகக்கண்ணில் கறுப்பு மண் நிரந்தரமாகக் குடியிருந்தது. கூப்பனை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். மைக்கை வாங்கவில்லை. மைக் இல்லாமலே அவர் குரல் கேட்டது.

“எனக்கு வண்டின்னா ஆசைதானுங்க. ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போறவ. ஆனா இதை இப்பிடி ஓட்டிக்கிட்டுப் போனா, கடைக்காரருக்குச் சொந்தக்காரின்னு எங்க லைன் வீட்டுல பேசுவாங்க. எல்லாரு சீட்டோடயும் என்ற சீட்டையும் போட்டு எடுங்க. வந்தா வாங்கிக்கிறேன். வராட்டிப் பஸ்ஸு இருக்குது.”

சொல்லிவிட்டு மேடை ஓரமாகவே நின்றுகொண்டார். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

எல்லோருடைய சீட்டையும் போட்டு எடுப்பதென்றால், புத்தகத்திலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மறுபாதிகளைக் கிழித்து, மடித்து, எதிலாவது போட்டுக் கலக்க வேண்டும். கடை ஆட்களோடு கூட்டத்தில் இருந்தவர்களும் உட்கார்ந்து மடித்தார்கள். தங்கள் சீட்டு உள்ளே போகிறதா என்று பார்க்கவே பாதிப் பேர் உதவிக்கு வந்தார்கள் என்று நினைக்கிறேன். முதலாளி எல்லோருக்கும் மோர் வரவழைத்தார். நானும் தரையில் உட்கார்ந்து மடித்தேன். மேஜை மேல் என் கணினியில் நட்சத்திரம் மின்னிக்கொண்டே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

எதில் போடுவது? முதலாளி கடைக்குள் போய், ஓட்டல்களுக்கு விற்கிற பெரிய கிரைண்டரை நான்கு பேரைக் கொண்டு தூக்கி வரச் செய்தார். குழவியை எடுத்துவிட்டு, சீட்டுகளைக் கொட்டி, சுவிட்சைப் போட்டார். கிரைண்டர் கம்பீரமாகச் சுற்றியது. சீட்டுகளும் அதோடு சேர்ந்து கம்பீரமாகச் சுற்றின. மேலே இருந்தது மேலேயே, கீழே இருந்தது கீழேயே. ஒன்றுகூட இடம் மாறவில்லை. என் நிரலைக் கல்லில் செய்து வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

“சுத்துனா மட்டும் கலக்காதுங்க,” என்றார் மேடை ஓரத்திலிருந்து பழனியம்மாள். “எங்க மண்ணு கலக்குற மெஷின்ல, உள்ளார அசையாம நிக்கிற தகடு ஒண்ணு இருக்கும். அது தடுத்தாத்தான் மண்ணு பொரளும். ஒரு கட்டையக் குடுத்துப் புடிங்க.”

ரஹமத் அக்கா ஒரு மத்தைக் கொண்டுவந்து அவரிடமே நீட்டினார். பழனியம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நான் தொட மாட்டேனுங்க. அந்தப் புள்ளையே புடிக்கட்டும்.”

அந்தப் பிள்ளை நான்தான். பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள், ஒப்பணக்கார வீதிக்குப் பக்கத்தில், நானூறு ஐநூறு பேர் பார்க்க, ஓடுகிற கிரைண்டருக்குள் மத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட்டுகள் மத்தில் மோதிப் புரண்டன, எகிறின, நாலைந்து வெளியே பறந்தன. முன்வரிசைக்காரர்கள் அவற்றைப் பொறுக்கி, எல்லோருக்கும் காட்டி, மறுபடி உள்ளே போட்டார்கள். அதற்குள் கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

சீட்டு எடுக்க முதலாளி தேர்ந்தெடுத்த ஆள் யார் தெரியுமா? அந்த வெள்ளைச் சட்டைக்காரர். சந்தேகப்பட்டவர் கையாலேயே எடுக்கட்டும் என்றார். அவர் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்து, உள்ளங்கையை இரண்டு பக்கமும் கூட்டத்துக்குக் காட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அடி ஆழத்திலிருந்து ஒன்றை எடுத்து, பிரிக்காமல் ரஹமத் அக்காவிடம் கொடுத்தார்.

ரஹமத் அக்கா எண்ணை வாசித்தார். 812.

யாரும் எழவில்லை. மறுபடி வாசித்தார். வெள்ளைச் சட்டைக்காரர் மேடையில் நின்றபடியே தம் பையிலிருந்து கூப்பனை எடுத்துப் பார்த்தார். பைக்குள் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். நெற்றி வேர்த்துவிட்டது.

“இது வேண்டாமுங்க,” என்றார். “இன்னொண்ணு எடுத்துக்கலாமுங்க.”

முன்வரிசைக்குப் புரிந்தது. பிறகு இரண்டாம் வரிசைக்கு. சிரிப்பு பந்தலின் கடைசி வரைக்கும் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பி வந்தது. மனுஷர் நிஜமாகவே தவித்துப்போனார். தான் ஏமாற்றவில்லை என்று, யாரும் கேட்காமலே, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பழனியம்மாள்தான் முடித்து வைத்தார்.

“வாங்கிக்குங்கண்ணா. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்.”

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். குற்றம் சொன்னவரே எடுக்கிறார், அவர் சீட்டே வருகிறது. இதைவிடச் சந்தேகத்துக்கு இடமான முடிவு வேறு உண்டா? ஆனாலும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. மடித்ததைப் பார்த்தார்கள், புரண்டதைப் பார்த்தார்கள், எடுத்ததைப் பார்த்தார்கள். என் குலுக்கலில் அவர்கள் பார்த்தது ஒரு பெட்டியின் முதுகை மட்டும். உண்மையான குலுக்கல் சில சமயம் பொய் மாதிரியே இருக்கும். அதை நம்ப வைப்பது முடிவு அல்ல, வழி. நீங்கள் எழுதப்போகிற நிரல்கள் கடன் யாருக்கு, வேலை யாருக்கு, படுக்கை எந்த நோயாளிக்கு என்றெல்லாம் முடிவு செய்யும். திரையை யார் பக்கம் திருப்பி வைக்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, வாக்குக் கொடுத்த வரி. நிரலின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை:

    randomize();

கடிகாரத்தைப் பார்த்து வரிசையின் தொடக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லும் வரி. உங்கள் காலத்து மொழிகள் பலவும் இதைச் சொல்லாமலே செய்துவிடுகின்றன. ஆனால் நிஜப் பரிசு, நிஜக் கடவுச்சொல் என்று வந்தால் கடிகாரம் போதாது, அதற்கென்று உள்ளதைத் தேடிப் பயன்படுத்துங்கள். இதில் ஒரு வேடிக்கை: அன்று என்னைத் தலைகுனிய வைத்த அதே குணத்தை, பிற்காலத்தில் நான் வேண்டுமென்றே பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு பிழையைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பிடிக்க வேண்டுமானால், எண்கள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதைப் போல வசதி வேறில்லை. நிரலை எத்தனை முறை அமுக்கினாலும் சரி, முழுக்க மூடித் திறந்தும் ஒரு முறை பாருங்கள். நட்சத்திரத்தைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் எல்லாம் முடிந்த பிறகு, பழனியம்மாளைத் தேடிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. மேட்டுப்பாளையம் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஆரம்பிப்பதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதுக்கெதுக்குக் கண்ணு அழுகறே,” என்றார். “எங்க ஃபவுண்டரில ஒரு நாளைக்கு எத்தனை வார்ப்பு பொக்கையாப் போகுது தெரியுமா? ஒடைச்சு மறுக்கா உருக்க வேண்டியதுதான்.” பஸ் வந்தது. ஏறும்போது படியில் நின்று திரும்பி, அந்தக் கீய்ங் சத்தம் மட்டும் ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை படியேறும்போதே தெரிந்தது, கிரைண்டர் கடையிலிருந்து எனக்கு முன்னாலேயே தொலைபேசி வந்திருந்தது. கம்பெனி நடத்தியவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

கடையின் பொருள் இருப்பு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். அந்த வேலையை நமக்கே கொடுக்கிறாராம். ஆனால் நான்தான் செய்ய வேண்டுமாம், வேறு யாரையும் அனுப்பக் கூடாதாம்.

நேற்று அத்தனை பேர் முன்னால் தப்புச் செய்த பெண்ணையா கேட்கிறீர்கள் என்று இவர் கடை முதலாளியிடம் கேட்டிருக்கிறார். முதலாளி சொன்ன பதிலை, புரியாத ஒரு முகத்தோடு, அப்படியே எனக்கு ஒப்பித்தார்.

“யாரு செஞ்சாலும் தப்பு வருமுங்க. அந்த அம்மணி செஞ்சா, வந்ததைச் சொல்லிப்போடுமுங்க.”